வலிக்கு ஜாதி உண்டா?

(நெல்லிக்குப்பம் பொதுக்கூட்டத்தில் பேசியது)



எனக்கு முன் பேசிய தோழர்கள் அநேக சங்கதிகளை எடுத்துச் சொல்லிவிட்டார்கள். எனக்குக் கொடுத்திருக்கிற விஷயம் வலி. "வலியைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது? அடித்தால் வலிக்கும், அவ்வளவுதானே" என்று சிலருக்குத் தோன்றலாம். அவ்வளவுதான் என்றால் நான் இப்போதே உட்கார்ந்து விடுவேன். ஆனால் யாரை அடித்தால் வலிக்கும், யாரை அடித்தால் வலிக்காது என்று இந்த நாட்டில் வெகு காலமாக ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். அந்தக் கணக்கை இன்றைக்கு விஞ்ஞானிகள் மூளைக்குள்ளேயே போய்ப் பார்த்துச் சரிபார்த்திருக்கிறார்கள். அதைத்தான் சொல்ல வந்தேன். நான் காலேஜில் படித்தவன் அல்ல. கிடைத்த புத்தகங்களைப் படித்தும், தெரிந்தவர்களைக் கேட்டும் தெரிந்துகொண்டதைத்தான் சொல்லுகிறேன். நான் சொல்லுகிறேன் என்பதற்காக ஒப்புக்கொள்ள வேண்டாம். உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டதை எடுத்துக்கொள்ளுங்கள்.

தலைவலியும் வயிற்றுவலியும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்று நம்மவர்கள் சொல்லுவார்கள். இது மெத்தச் சரியான பேச்சு. சுரத்தை அளக்கக் கண்ணாடிக் குழாய் இருக்கிறது. இரத்த அழுத்தத்தை அளக்கக் கையில் பட்டை கட்டுகிறார்கள். வலிக்கு மட்டும் இன்றுவரை அப்படி ஒரு கருவி கிடையாது. "ஒன்றிலிருந்து பத்துக்குள் உன் வலி எத்தனை?" என்று டாக்டர் கேட்கிறார், நோயாளி ஒரு எண்ணைச் சொல்லுகிறான். அதற்குமேல் அவன் வாய்தான் தராசு. அவன் வாயை நம்புகிறவர்கள் இருக்கிறவரையில் இதில் கஷ்டமில்லை. நம்பாதவர்கள் வந்தால்தான் கஷ்டம்.

முதலில் வலி எப்படி உண்டாகிறது என்று பார்ப்போம். வீட்டில் மிளகாய் கிள்ளிய கை எரிகிறது. நெருப்புப் பட்ட கையும் எரிகிறது. மிளகாயில் நெருப்பு ஏது? இரண்டுக்கும் ஒரே சொல்லை நம் தாய்மார்கள் சொல்லுவது வெறும் உவமை அல்ல. நரம்பின் முனையில் ஒரு சிறு கதவு இருக்கிறது. ஏறக்குறைய 43 டிகிரிக்கு மேல் சூடு பட்டால் அது திறக்கிறது. மிளகாயின் காரச் சத்துப் பட்டாலும் அதே கதவுதான் திறக்கிறது. இதைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸ் என்ற அமெரிக்கருக்கு 2021-ம் வருஷத்தில் நோபல் பரிசில் பங்கு கொடுத்தார்கள். கதவு திறந்தவுடன் சேதி நரம்பு வழியாக முதுகுத்தண்டுக்கும், அங்கிருந்து மூளைக்கும் போகிறது. மூளைக்குப் போய்ச் சேருகிறவரையில் அது சேதிதான், வலி அல்ல. மூளையில் பல இடங்கள் ஒன்றாகச் சேர்ந்து அந்தச் சேதியை வலியாக ஆக்குகின்றன. அதோடு நிற்காமல் மூளையானது கீழே உத்தரவும் அனுப்புகிறது: "இந்தச் சேதியை இன்னும் அதிகமாக விடு" என்றோ, "இப்போது விடாதே, அடைத்துவை" என்றோ. முதுகுத்தண்டில் இப்படி ஒரு வாசல் இருக்கவேண்டும் என்று மெல்ஸாக், வால் என்ற இருவர் 1965-ல் எழுதினார்கள். அவர்கள் போட்ட படம் பின்னால் அநேக இடங்களில் திருத்தப்பட்டாலும், மேலிருந்து உத்தரவு வருகிறது என்ற சங்கதி நிலைத்துவிட்டது.

இந்த மேல் உத்தரவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர்ச் செடல் திருவிழாவின் இரகசியம் அதில்தான் இருக்கிறது.

ஹான்ஸ் பெர்கர் என்ற ஜெர்மானிய வைத்தியர், தலையில் கம்பியை ஒட்ட வைத்து மூளையில் ஓடுகிற மின்சாரத்தைக் காகிதத்தில் கோடாக எழுத வைக்கலாம் என்று 1929-ல் வெளியிட்டார். கண்ணை மூடிச் சும்மா இருக்கிற மனிதனுக்கு அந்தக் கோடு நொடிக்குப் பத்து அலை வீதம் சீராக ஓடும். ஒரு சத்தமோ, வெளிச்சமோ, சூடோ பட்டால் அந்தச் சீரான அலை உடைந்துபோகும். நம் நாட்டில் இதை வைத்துச் செய்த ஒரு சோதனையை உலகமெல்லாம் இன்றும் எடுத்துப் பேசுகிறார்கள். டில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தில் ஆனந்த், சீனா, பல்தேவ் சிங் ஆகிய மூவர் யோகிகளைக் கொண்டுவந்து அவர்கள் தலையில் கம்பி ஒட்டிப் பார்த்து, 1961-ல் முடிவை வெளியிட்டார்கள். (சீனா என்பது அந்த ஆராய்ச்சியாளரின் பெயர், தேசம் அல்ல.) நான்கு யோகிகள் சமாதி என்று சொல்லப்படுகிற நிலையில் இருக்கும்போது வெளிச்சம் போட்டார்கள், சத்தம் செய்தார்கள், சூடு வைத்தார்கள். அலை உடையவில்லை. வேறு இரண்டு யோகிகள் 4 டிகிரிக் குளிர்ந்த தண்ணீரில் 45 முதல் 55 நிமிஷம் வரையில் கையை வைத்திருந்தார்கள். அப்போதும் அலை சீராகவே ஓடியது. கஷ்டம் ஒன்றும் இல்லை என்று அவர்களும் சொன்னார்கள்.

தோழர்களே! இது பொய்யல்ல. நமக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக நாம் இதை மறைக்கவும் கூடாது. வேண்டுமானால் வீட்டில் ஐஸ் தண்ணீரில் கையை வைத்துப் பாருங்கள். இரண்டு மூன்று நிமிஷத்தில் எடுத்து விடுவீர்கள். ஆனால் இதைப் பிரசங்கிகள் எப்படி உபயோகித்தார்கள்? "பார்! விஞ்ஞானமே சொல்லிவிட்டது, ஆத்மா உடம்பை விட்டுத் தனியே நின்றது" என்று சொன்னார்கள். ஆத்மாவை அந்தக் கம்பி எங்கே அளந்தது? அளந்தது மூளையை. பழக்கப்பட்ட மூளை, வெளியிலிருந்து வருகிற சேதியைச் சட்டை செய்யாமல் இருக்க முடியும் என்பதுதான் அந்தக் கோடு காட்டியது. ஆத்மா தனியே போயிருந்தால் மூளைக் கோடு எதற்காக இவ்வளவு ஒழுங்காக ஓடவேண்டும்?

அதே காலத்தில் அதே ஆனந்த், அமெரிக்காவிலிருந்து வந்த வெங்கர், பக்சி என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்களோடு சேர்ந்து இன்னொரு சோதனை நடத்தினார். இருதயத்தை நிறுத்துகிறேன் என்று சொன்ன யோகிகளின் மார்பில் கம்பி ஒட்டிப் பார்த்தார்கள். மணிக்கட்டில் நாடி கிடைக்கவில்லை. காதை வைத்தால் சத்தமும் குறைந்துபோயிற்று. கூட்டத்தில் பார்த்தவன் கன்னத்தில் போட்டுக்கொண்டிருப்பான். ஆனால் கருவியில் இருதயம் அடித்துக்கொண்டேதான் இருந்தது. மூச்சைப் பிடித்து, மார்பையும் வயிற்றையும் இறுக்கினால் இருதயத்துக்குத் திரும்புகிற இரத்தம் குறையும். நாடி கைக்குத் தட்டாது. குளிர்ந்த தண்ணீரில் கையை வைத்தவர் செய்தது நிஜம். இருதயத்தை நிறுத்தியவர் செய்தது தோற்றம். இரண்டையும் பிரித்துக் காட்டியது அவர்கள் பக்தியுமல்ல, நம் பிரசங்கமுமல்ல, அளந்து பார்த்ததுதான்.

பிறகு மூளையைப் படம் எடுக்கிற பெரிய காந்தக் கருவி வந்தது. எம்.ஆர்.ஐ. ஸ்கேன் என்று ஆஸ்பத்திரிகளில் கேள்விப்பட்டிருப்பீர்கள். அரவைக் காலத்தில் நம் சர்க்கரை ஆலைப் பக்கம் கரும்பு வண்டிகள் அதிகம் போவதுபோல, மூளையில் எந்த இடம் வேலை செய்கிறதோ அந்த இடத்துக்கு இரத்தம் அதிகம் போகும். அந்த வித்தியாசத்தைக் கருவி படமாக்குகிறது. 2003-ல் அமெரிக்காவில் காக்ஹில் என்பவரும் அவர் கூட்டாளிகளும் 17 பேருக்குக் காலில் 49 டிகிரிச் சூடு வைத்து இப்படிப் படம் எடுத்தார்கள். சூடு எல்லோருக்கும் ஒன்று. ஆனால் ஒருவர் பத்தில் ஒன்று என்றார். இன்னொருவர் ஒன்பதுக்குக் கிட்டப் போனார். அதிகம் வலிக்கிறது என்றவர் பாசாங்கு செய்கிறார் என்று நீங்களும் நானும் சொல்லியிருப்போம். படம் என்ன சொல்லிற்று? சேதி மூளைக்கு வந்து சேருகிற வாசலில் எல்லோருக்கும் ஒரே மாதிரிதான் இருந்தது. மேல் மூளையில்தான் வித்தியாசம். அதிகம் வலிக்கிறது என்றவருக்கு அங்கே நிஜமாகவே அதிகம் வேலை நடந்தது. அவர் சொன்னது பொய் அல்ல.

நிற்க. செடலுக்கு வருவோம். ஆடி மாதம் வந்தால் இந்தக் கடலூர் ஜில்லாவில் மாரியம்மன் கோவில் தோறும் செடல் குத்துகிறார்கள். வாயில் அலகு, முதுகில் கொக்கி, அதில் கயிறு கட்டி வண்டி இழுக்கிறார்கள். தீ மிதிக்கிறார்கள். "சாமி அருள் இல்லாமல் இதைச் செய்ய முடியுமா?" என்று கேட்கிறார்கள். நம் கழகத் தோழர்கள் "கடவுள் இல்லை" என்று கோஷம் போட்டுக்கொண்டே அதே கொக்கியை முதுகில் மாட்டிக் கார் இழுத்துக் காட்டினார்கள், தீயும் மிதித்தார்கள். சாமிக்கு இதில் வேலை இல்லை என்பதற்கு அது போதும். ஆனால் எப்படி முடிகிறது என்பதற்கு அது பதில் ஆகாது.

தீமிதியில் மூளைக்கு அதிக வேலை இல்லை. கரி சூட்டை மெதுவாகத்தான் கடத்தும். மேலே சாம்பல் வேறு மூடியிருக்கிறது. பாதம் ஒவ்வொரு அடியிலும் ஒரு நொடிக்கும் குறைவாகவே படுகிறது. அதே குண்டத்தில் ஒரு இரும்புத் தகட்டைப் போட்டு அதன்மேல் நடக்கச் சொல்லுங்கள். பூசாரியும் வரமாட்டார், நானும் வரமாட்டேன். கொக்கி விஷயம் அப்படியல்ல. கொக்கி தோலைக் கிழிக்கிறது. நரம்பில் சேதி போகத்தான் செய்கிறது.

அங்கே என்ன நடக்கிறது என்பதற்கு 2008-ல் வெளியான ஆக்ஸ்போர்டு சோதனை ஒன்று இருக்கிறது. காட்யா வீஹ் என்ற அம்மையாரும் மற்றவர்களும் செய்தது. தீவிரமான கத்தோலிக்கர் 12 பேர், கடவுள் நம்பிக்கை இல்லாதவர் 12 பேர். எல்லோரையும் ஸ்கேனுக்குள் படுக்கவைத்துக் கையில் மின்சாரம் வைத்தார்கள். ஒரு தடவை மேரியம்மாள் படத்தைக் காட்டினார்கள்; ஒரு தடவை லியனார்டோ வரைந்த, கையில் ஒரு பிராணியை வைத்திருக்கும் சாதாரணப் பெண்ணின் படத்தைக் காட்டினார்கள். மேரி படத்தைப் பார்த்தபோது கத்தோலிக்கருக்கு வலி குறைந்தது. மற்றவர்களுக்கு இரண்டு படமும் ஒன்றுதான்.

உடனே சில தோழர்கள், "இதை நம் மேடையில் ஏன் சொல்லுகிறாய்?" என்பார்கள். உண்மையை மேடை பார்த்தா சொல்லுவது? முழுவதையும் கேளுங்கள். வலி குறைந்த நேரத்தில் அந்தக் கத்தோலிக்கருடைய மூளையின் முன்பக்கத்தில், வலது புறத்தில், ஒரு குறிப்பிட்ட இடம் வேலை செய்தது. ஒரு சங்கடத்தை "இது அவ்வளவு பெரிதல்ல" என்று வேறு விதமாக எண்ணிப் பார்க்கும்போது வேலை செய்கிற இடம் அது. படத்துக்குச் சக்தி இருந்தால் 24 பேருக்கும் வலி குறைந்திருக்க வேண்டாமா? மின்சாரம் ஆஸ்திகனைப் பார்த்துத் தணிந்து, நாஸ்திகனைப் பார்த்துப் பாயவில்லை. மாரியம்மன் படம் அந்த 12 கத்தோலிக்கருக்கு உதவியிருக்காது. மேரியம்மாள் படம் நம்மூர்ச் செடல்காரனுக்கு உதவாது. அவனவன் மூளையில் அவனவன் போட்டுவைத்த சரக்குத்தான் வேலை செய்கிறது. "கடவுள் இல்லை" என்று கத்திக்கொண்டு கார் இழுக்கிற நம் தோழருக்குக் கொள்கை உற்சாகமும் கூட்டத்தின் கைதட்டலும் அதே மேல் உத்தரவைக் கொடுக்கின்றன என்றே நான் நினைக்கிறேன்.

இந்த மேல் உத்தரவுக்கு உடம்பிலேயே மருந்தும் இருக்கிறது. அபினைப் போன்ற ஒரு சரக்கை மூளை தானே காய்ச்சிக்கொள்கிறது என்று 1975-ல் கண்டுபிடித்தார்கள். 1978-ல் கலிபோர்னியாவில் கடைவாய்ப் பல் பிடுங்கினவர்களுக்கு வெறும் உப்புநீர் மாதிரியான ஊசியை மருந்து என்று போட்டார்கள். சிலருக்கு வலி குறைந்தது. அபினை முறிக்கிற நலாக்ஸோன் என்ற மருந்தைப் போட்டதும் அவர்களுக்கு வலி ஏறிவிட்டது. நம்பிக்கையால் வந்த சுகத்தை ஒரு ஊசி மருந்து முறித்துவிட்டது! அருள் என்பது ஊசியால் முறிகிற சரக்காக இருந்தால் அதை அருள் என்பானேன்?

வலியே தெரியாமல் பிறக்கிறவர்களும் உண்டு. வட பாகிஸ்தானில் மூன்று குடும்பங்களில் இப்படிப்பட்டவர்களைப் பற்றி 2006-ல் எழுதினார்கள். அவர்களில் முதலில் பார்க்கப்பட்ட பையன் தெருவில் வித்தை காட்டுகிறவன். கையில் கத்தியைச் செருகுவான், நெருப்பில் நடப்பான். நம் ஊராக இருந்தால் அவனுக்கு ஒரு கோவிலே கட்டியிருப்பார்கள். அவனுக்கு இருந்தது ஒரு மரபணுவில் பிழை; நரம்பில் வலிச் சேதி கிளம்புவதே இல்லை. பதினான்கு வயது நிரம்பும் முன் கூரையிலிருந்து குதித்து இறந்துபோனான்.

இனி நம் ஊர்ப் புராணத்துக்கு வருவோம். இங்கிருந்து பண்ருட்டி போகிற வழியில் திருவதிகை. மேற்கே போனால் அது. கிழக்கே போனால் திருப்பாதிரிப்புலியூர். இரண்டும் அப்பர் கதை நடந்ததாகச் சொல்லப்படுகிற ஊர்கள். சமணராக இருந்தவருக்குச் சூலை நோய் வந்ததாம். திருவதிகையில் தமக்கை திருநீறு கொடுத்துப் பாடச் சொன்னதும் தீர்ந்ததாம். வயிற்றுவலி தணிந்த கதையை நான் அப்படியே பொய் என்று தள்ள மாட்டேன். தமக்கையின் அன்பும் ஆறுதலும் வலியைத் தணிக்கக்கூடும் என்று இவ்வளவு நேரம் நானே சொன்னேன். ஆனால் அதே அப்பரை ஏழு நாள் சுண்ணாம்புக் காளவாயில் வைத்தும் தோல் சுடவில்லை என்கிறார்களே, அது வேறு. வலியை மூளை அடைக்கலாம். வேகிற தோலை எந்த மூளையும் தடுக்காது.

சிதம்பரத்துக்கு வந்த நந்தனை நினைத்துப் பாருங்கள். தில்லைக்குள் போக வேண்டுமானால் நெருப்பில் குளித்துவிட்டு வா என்று பெரியபுராணத்தில் ஆண்டவனே சொல்லுகிறான். தில்லைவாழ் அந்தணர்கள் நெருப்பு வளர்க்கிறார்கள். நந்தன் மூழ்கிப் பூணூலோடு எழுந்தான் என்று முடிகிறது. அந்த நெருப்பு அவனைச் சுட்டதா என்று அந்தக் கதையைப் படிக்கிறவர்களில் எத்தனை பேர் கேட்டிருக்கிறார்கள்? அப்பருக்கு வயிற்றுவலி வந்ததற்குத் துடிக்கிறார்கள். நந்தன் நெருப்பில் இறங்கினதற்குச் சந்தோஷப்படுகிறார்கள். நான் ஆரம்பத்தில் சொன்ன கணக்கு இதுதான்.

இந்தக் கணக்கு நம் நாட்டில் மட்டும் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் 1840-களில் மரியன் சிம்ஸ் என்ற வைத்தியர் கருப்பு அடிமைப் பெண்களை மயக்க மருந்து கொடுக்காமல் அறுத்து அறுத்துப் பழகினார். அனார்க்கா என்ற ஒரு பெண்ணை மட்டும் ஏறக்குறைய முப்பது தடவை. அவருக்குப் பின்னால் சிலை வைத்தார்கள். 2018-ல்தான் நியூயார்க்கில் அதை எடுத்தார்கள். அது பழைய காலம் என்பீர்களா? 2016-ல் வர்ஜீனியா சர்வகலாசாலையில் 222 வைத்திய மாணவர்களையும் இளம் டாக்டர்களையும் கேட்டார்கள். கருப்பருக்குத் தோல் தடிப்பு என்பது போன்ற பொய்களில் ஒன்றையாவது பாதிப் பேர் சரி என்றார்கள். அப்படிச் சொன்னவர்கள் கருப்பருடைய வலியைக் குறைத்தும் மதிப்பிட்டார்கள்.

பச்சைக் குழந்தைக்கும் இதே கதி. பிறந்த குழந்தைக்கு மூளை முற்றவில்லை, வலி தெரியாது என்று சொல்லி, 1980-கள் வரையில் மேல்நாட்டுப் பெரிய ஆஸ்பத்திரிகளிலேயே குழந்தைகளை அசையாமல் இருக்க மருந்து கொடுத்துவிட்டு, வலிக்குப் போதுமான மருந்து இல்லாமல் அறுத்தார்கள். அதைத் தப்பு என்று 1987-ல் அளந்து காட்டினவர் ஆனந்த் என்ற இந்திய வைத்தியர். டில்லி ஆனந்த் வேறு, இவர் வேறு. வலிக்கு மருந்து கொடுத்து அறுத்த குழந்தைகளின் இரத்தத்தில் அதிர்ச்சிக் குறி குறைவாகவும், கொடுக்காத குழந்தைகளுக்கு அதிகமாகவும் இருந்தது. 2015-ல் ஆக்ஸ்போர்டில் பிறந்து சில நாளே ஆன 10 குழந்தைகளைத் தூங்கும்போது ஸ்கேனில் வைத்துப் பாதத்தில் இலேசாகக் குத்திப் பார்த்தார்கள். பெரியவர்களுக்கு வலியில் வேலை செய்கிற 20 இடங்களில் 18 குழந்தைக்கும் வேலை செய்தன. அதுமட்டுமா! பெரியவர்களுக்கு எவ்வளவு பலமாகக் குத்தினார்களோ அதில் கால் பங்கு பலத்துக்கே குழந்தையின் மூளை அதே மாதிரி பதில் சொல்லிற்று. குழந்தை நினைவு வைத்துக்கொள்ளாது என்று சொல்லிக் காது குத்துகிற, மொட்டை போட்டு அலகு குத்துகிற பெற்றோர்கள் இதை யோசிக்கட்டும்.

நம் பக்கத்தில் நடப்பதைச் சொல்லவா? கரும்பு வெட்டுகிறவளின் கை சோகை பட்டுக் கிழிந்திருக்கிறது. "அவளுக்கு மரத்துப் போன கை" என்கிறோம். பிரசவ அறையில் கத்துகிற ஏழைப் பெண்ணை "சும்மா கிட" என்று அதட்டுகிறார்கள். பணம் கட்டுகிற இடத்தில் அதே வலிக்கு முதுகில் ஊசி போடுகிறார்கள். உழைக்கிற உடம்புக்கு வலி தெரியாது என்று சொல்லுகிறவன் எந்தக் கருவியில் அளந்தான்? அவனுக்கு இருக்கிற சௌகரியம்தான் அவன் கருவி.

வலிக்கு மருந்து இல்லாமலா? இந்த நாட்டில் மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானத்திலும் சர்க்கார் உத்தரவோடு அபின் பயிராகிறது. நீமச், காஜிப்பூர் சர்க்கார் தொழிற்சாலைகளுக்குப் போகிறது. ஆனால் 1985-ம் வருஷத்துப் போதைப்பொருள் சட்டம் வந்தபிறகு, புற்றுநோயால் துடிக்கிறவனுக்கு மார்பின் கொடுக்க ஒரு ஆஸ்பத்திரி பல உத்தரவுகளை வாங்க வேண்டியிருந்தது. பயந்து பலர் மார்பின் வைப்பதையே விட்டார்கள். 2014-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். கிராமத்துப் புற்றுநோய்க்காரனுக்கு அது இன்னும் சுலபமாக வந்து சேரவில்லை. "கர்மம், அனுபவித்துத்தான் தீரவேண்டும்" என்கிற வாய் மட்டும் அவன் வாசலுக்கு உடனே வந்து சேருகிறது.

"அப்படியானால் எல்லோரையும் ஸ்கேனில் போட்டு வலியை அளந்துவிடலாமே" என்று ஒரு தோழர் துண்டுச் சீட்டு அனுப்பியிருக்கிறார். நல்ல கேள்வி. 2013-ல் அமெரிக்காவில் வேகர் என்பவரும் மற்றவர்களும் 114 பேரை வைத்து, சூட்டு வலிக்கு மூளையில் ஒரு அடையாளம் கண்டார்கள். வலிக்கிற சூட்டையும் வலிக்காத சூட்டையும் 94 சதவிகிதம் சரியாகப் பிரித்தது. ஆனால் அது ஆரோக்கியமான மனிதனுக்கு வைத்த சூடு. பத்து வருஷ முதுகுவலிக்காரனுக்கு அது பொருந்தும் என்று சொல்ல முடியாது. படத்தைக் காட்டி, "உனக்கு வலி இல்லை" என்று இன்ஷூரன்ஸ் கம்பெனியோ கோர்ட்டோ ஒருவனைத் தள்ளக்கூடாது என்று உலக வலி ஆராய்ச்சிச் சங்கத்தின் குழுவே 2017-ல் எச்சரித்தது. மூளையில் ஓடுகிற மின்சாரத்தை அளந்து குற்றவாளியைக் கண்டுபிடிக்கிறேன் என்று நம் போலீஸ் கிளம்பியபோது, சம்மதமில்லாமல் செய்யக்கூடாது என்று சுப்ரீம் கோர்ட்டு 2010-ல் தடுத்தது. பேச முடியாத குழந்தைக்கும் நினைவில்லாத நோயாளிக்கும் சாட்சி சொல்லக் கருவி வரட்டும். பேசுகிறவனை வாயடைக்க அது வரவேண்டாம். வாயால் சொல்ல முடியவில்லை என்பதால் வலி இல்லை என்று ஆகாது என்று அந்தச் சங்கமே 2020-ல் வலிக்குக் கொடுத்த விளக்கத்தில் எழுதிவைத்திருக்கிறது.

இன்னொரு சீட்டு: "என் தம்பி இந்த ஆடிக்குச் செடல் குத்திக்கொள்வதாக வேண்டிக்கொண்டிருக்கிறான். அவனிடம் என்ன சொல்ல?" சண்டை போட வேண்டாம். திருவிழா அன்று அவனைக் கேட்டால் வலிக்கவில்லை என்பான். அவன் சொல்லுவது நிஜமாகவும் இருக்கும். மூன்றாம் நாள் கேளுங்கள். அதற்குள் கொக்கி சுத்தமானதா, ஒருவருக்குக் குத்தியதை இன்னொருவருக்குக் குத்துகிறார்களா என்று பாருங்கள். முன்னதாகவே டெட்டனஸ் ஊசி போட வையுங்கள். குழந்தைக்குக் குத்த வந்தால் மட்டும் பூசாரியின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். பண்ருட்டி பக்கம் போகிறவர்கள் கடைசி பஸ்ஸுக்கு எழுந்திருக்கிறார்கள். எனக்குப் பின்னால் பேசவேண்டிய தோழர் காத்திருக்கிறார். மீதிச் சீட்டுகளுக்கு மேடையின் கீழே வந்து பதில் சொல்லுகிறேன்.